முட்டை போட்டாச்சு, இனி யாராவது ஒருத்தர் வெளியே போகணும்

நம்ம பிளாக்கில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீன் தொட்டி முன்னாடி நிற்காதவங்க யாரும் இருக்க முடியாது. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கக் காத்திருக்கும்போது, இன்டர்னல் மார்க் பார்த்துட்டு மனசு சரியில்லாதப்ப, சும்மா போன் சார்ஜ் போட பிளக் பாயின்ட் தேடி வரும்போது, எப்படியும் ஒரு தடவையாவது நின்றிருப்பீங்க. அடுத்த முறை நிற்கும்போது ஒரு காரியம் பண்ணுங்க. நடுவில் மகாராஜா மாதிரி மிதக்கிற ஏஞ்சல் மீனைப் பார்க்காதீங்க. இடது மூலையில், அந்த பிளாஸ்டிக் கோட்டைக்குப் பின்னாடி இருக்கிற இடுக்கைப் பாருங்க. ஏழு நியான் டெட்ராவும் மூன்று கோரியும் ஒரு சோப்பு டப்பா அளவு இடத்துக்குள் ஒண்டிக்கொண்டு நிற்கும். மூன்றடி நீளத் தொட்டி, கிட்டத்தட்ட 150 லிட்டர் தண்ணீர். அதில் அவங்களுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

ஜூலையில் நாம் விட்டது பன்னிரண்டு நியான், ஐந்து கோரி.

பிப்ரவரியில் ஏஞ்சல் ஜோடி வலது பக்க ஃபில்டர் குழாயில் முட்டை போட்ட அன்றைக்கு நம்ம குரூப்பில் எத்தனை போட்டோ, எத்தனை ஹார்ட்! நானும் போட்டேன். அன்றைக்கே ரெண்டு கோரி வாலெல்லாம் கிழிந்து சரளைக்கல் மேல் சாய்ந்து கிடந்தன. அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை. இப்போது நான்கு தடவை முட்டை போட்டாச்சு. நான்கு தடவையும் ஒரு குஞ்சு கூட மிஞ்சவில்லை. அப்புறமும் "அப்படியே இருக்கட்டும், பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்பதுதான் நம்மில் பெரும்பாலானவர்களின் கருத்து. நான் அதற்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். ஜோடி சேர்ந்த ஏஞ்சலைச் சின்ன மீன்களோடு ஒரே தொட்டியில் வைக்கக் கூடாது. சின்ன மீன்களுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, அந்த ஜோடிக்காகவும்தான்.

முதலில் என் மேல் இருக்கும் பழியை நானே சொல்லிடறேன். போன வருஷம் மீன் வாங்கப் போகும்போது லிஸ்ட் எழுதினது நான்தான். "கம்யூனிட்டி மீன்கள்: ஏஞ்சல் 6, நியான் 12, கோரி 5, சக்கர் 1" என்று எழுதி வைத்திருந்தேன். கடையில் ஏஞ்சல் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் இருந்தது. பக்கத்துத் தொட்டியில் நியான். ரெண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது போல இருந்தது. கடைக்காரர் "எல்லாம் அமைதியான மீன் தம்பி" என்றார். அந்த வயசில் அது உண்மைதான்.

நாணய அளவு ஏஞ்சல் எட்டு, பத்து மாதத்தில் உள்ளங்கை அளவு ஆகிறது. மூக்கிலிருந்து வால் வரை 15 சென்டிமீட்டர் வரை வளரும். மேல் துடுப்பு நுனியிலிருந்து கீழ்த் துடுப்பு நுனி வரை அளந்தால் அதைவிட அதிகம். நியான் டெட்ரா எவ்வளவு சாப்பிட்டாலும் மூன்று, மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகாது. அதுவும் பென்சில் மாதிரி ஒல்லி. வாய்க்குள் போகிற அளவில் இருப்பது எதுவும் ஏஞ்சலுக்குச் சாப்பாடுதான். காணாமல் போன ஐந்து நியான்களுக்கும் உடம்பு கிடைக்கவே இல்லை. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தோம், சரளைக்கல்லைக் கிளறினோம், ஒருத்தர் "குதிச்சிருக்கும்" என்று பெஞ்சுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினார். எங்கே போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

"ரெண்டுமே அமேசான் மீன்தானே, அங்கே ஒண்ணா இருக்கலையா?" என்று ஒருவர் கேட்டார். ரெண்டும் அமேசான்தான். மானும் புலியும் கூட ஒரே காட்டில்தான் இருக்கின்றன.

ஆனால் இது பசி சம்பந்தப்பட்ட பிரச்சினை. ஜோடி சேராத ஏஞ்சலும் நியானைத் தின்னும். நான் பேச வந்தது அடுத்த பிரச்சினை. கோரி வாய்க்குள் போகிற மீன் இல்லை. உடம்பு முழுக்க எலும்புத் தகடு, துடுப்பில் முள் வேறு. அதை ஏஞ்சல் தின்பதில்லை. ஆனாலும் ரெண்டு கோரி செத்தது. ஏன்?

ஏஞ்சல் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. நம்ம ஏரியில் பிடிபடும் ஜிலேபியும், கேரளாக்காரர்கள் வாழையிலையில் சுட்டுத் தரும் கரிமீனும் இதே குடும்பம்தான். இந்தக் குடும்பத்துக்கு ஒரு குணம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. நியான் மாதிரி மீன்கள் முட்டையைத் தூவிவிட்டுப் போய்விடும், திரும்பிப் பார்க்காது. ஏஞ்சல் அப்படியில்லை. முட்டை போடுவதற்கு ரெண்டு, மூன்று நாள் முன்பே ஒரு அகன்ற இலையையோ குழாயையோ தேர்ந்தெடுத்து, ரெண்டும் சேர்ந்து வாயாலேயே தேய்த்துச் சுத்தம் செய்யும். பெண் வரிசை வரிசையாக முட்டையை ஒட்டிக்கொண்டே போகும், ஆண் பின்னாலேயே போகும். ஒரு தடவைக்குச் சில நூறு முட்டைகள். அதன் பிறகு ரெண்டும் மாறி மாறிப் பக்கத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். வெள்ளையாகிப் போன கெட்ட முட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கும். 28 டிகிரி தண்ணீரில் ரெண்டரை நாளில் பொரிந்துவிடும். ஆனால் குஞ்சுகளுக்கு உடனே நீந்த வராது. தலையில் இருக்கும் பசையால் ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒன்று கீழே விழுந்தால் அப்பாவோ அம்மாவோ வாயில் கவ்வி மறுபடி ஒட்டி வைக்கும். அவை நீந்தத் தொடங்க இன்னும் நாலைந்து நாள்.

கோன்ராட் லோரன்ஸ் என்ற ஆஸ்திரிய விலங்கியலாளர், 1973-ல் நோபல் பரிசு வாங்கியவர், இதே குடும்பத்தைச் சேர்ந்த ஜுவல் மீனைப் பற்றி ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். வழிதவறிய குஞ்சுகளை வாயில் எடுத்துக் கூட்டுக்குக் கொண்டுவரும் அப்பா மீன், ஒரு துண்டு மண்புழுவை மென்றுகொண்டிருக்கும்போது, ஒரு குஞ்சு தனியாக நீந்துவதைப் பார்த்து அதையும் வாயில் எடுத்துவிட்டது. இப்போது வாயில் ரெண்டு பொருள். ஒன்று வயிற்றுக்கு, ஒன்று கூட்டுக்கு. அந்த மீன் சில விநாடிகள் அசையாமல் நின்றது. பிறகு ரெண்டையும் துப்பியது. புழுவைத் தின்றது, கண் மட்டும் கீழே விழுந்த குஞ்சின் மேலேயே. தின்று முடித்து, குஞ்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள் கை தட்டினார்களாம்.

நம்ம தொட்டியில் கோரியை மூக்கால் இடித்து, வாலைப் பிய்த்து விரட்டுவதும் இந்தப் பாசம்தான். அது வில்லத்தனம் இல்லை. அதன் பார்வையில் கோரி ஒரு முட்டைத் திருடன். இன்னும் கொடுமை என்னன்னா, அது சரியான கணிப்பு. கோரி ராத்திரியில் மேய்கிற மீன். கண்ணாடியிலும் குழாயிலும் ஒட்டியிருக்கிற எதையும் தின்னும். சக்கரும் அப்படித்தான். வாட்ச்மேன் அண்ணன் ஒன்பது மணிக்கு லைட் அணைத்ததும் ஏஞ்சலுக்குச் சரியாகக் கண் தெரியாது, சக்கர் குழாய் வழியாக ஏறும்.

காட்டில் இப்படி ஒரு திருடன் வந்தால் ஏஞ்சல் துரத்தும். திருடன் கொஞ்ச தூரம் ஓடி, வேர்களுக்கும் தண்டுகளுக்கும் நடுவே மறைந்துவிடுவான். கண்ணில் படவில்லை என்றால் துரத்தல் முடிந்தது. மறுபடி யாருக்கும் யாரோடும் பகை இல்லை. துரத்தப்பட்டவன் கண்ணை விட்டு மறைவதுதான் அந்தச் சண்டை நிற்பதற்கான ஒரே வழி. நம்ம தொட்டியில் அது நடக்கவே முடியாது. கோரி எவ்வளவு வேகமாக ஓடினாலும் எதிர்க் கண்ணாடியில் போய் முட்டும், அங்கிருந்தும் ஏஞ்சலுக்கு நன்றாகத் தெரியும். ஏஞ்சல் மறுபடி துரத்தும். நம்ம பாஷையில் சொன்னால், எக்ஸிட் கண்டிஷன் இல்லாத லூப். கோடு எழுதினது மீன் இல்லை, நாம்.

துரத்தப்படும் மீன் பெரும்பாலும் கடியால் சாவதில்லை. சாப்பாடு போடும்போது மேலே வரப் பயப்படும். ஒரு வாரம், ரெண்டு வாரம் அரைப் பட்டினி. பயத்திலேயே இருக்கும் உடம்பில் நோய் எதிர்ப்பு குறையும். அப்புறம் வெள்ளைப் புள்ளி வரும், கிழிந்த துடுப்பில் பூஞ்சை பிடிக்கும். நாம் "தண்ணி சரியில்ல போல" என்று சொல்லி மருந்து வாங்கி ஊற்றுவோம். மார்ச்சில் நாம் செய்ததும் அதுதான். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது, டெஸ்ட் கிட்டில் நானே பார்த்தேன்.

"இதெல்லாம் எப்பவாவது முட்டை போடும்போது மட்டும்தானே, ஒரு வாரம் பொறுத்துக்கலாம்" என்று சொல்பவர்களுக்கு: முட்டை போய்விட்டால் ஏஞ்சல் ஜோடி பத்து, பதினைந்து நாளில் அடுத்த தடவைக்குத் தயாராகிவிடும். இடம் பிடித்துக் காவல் காப்பது அதற்குச் சில நாள் முன்பே ஆரம்பித்துவிடும். எனவே இங்கே சமாதான நாள் என்பதே சொற்பம். குளிர் நாடுகளில் ஹீட்டர் வைத்துச் சூட்டை ஏற்றி இறக்கி முட்டை போட வைப்பார்கள். நம்ம ஊரில் மாடிப்படிக்குக் கீழேயே தண்ணீர் 28, 29 டிகிரி நிற்கிறது. வாரம் ஒரு தடவை நாம் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் மாற்றுவது அதுக்கு மழை வந்த மாதிரி. நாமே தாம்பூலம் வைத்து அழைக்கிறோம். இதே சூடு நியானுக்கு ஆகாது என்பது இன்னொரு விஷயம், அதற்கு 25-ஐ ஒட்டி இருந்தால்தான் சௌகரியம்.

இன்னொரு சமாதானமும் கேட்டேன். "ஏதோ நம்ம கெட்ட நேரம், ஜோடி அமைஞ்சிடுச்சு" என்று. நேரமெல்லாம் ஒன்றும் இல்லை. சின்ன வயசில் ஏஞ்சலில் ஆண், பெண் பார்த்து வாங்க முடியாது. ஆணா பெண்ணா என்பது பாதிக்குப் பாதி என்று வைத்தால், வாங்கிய ஆறும் ஒரே இனமாக அமைய வாய்ப்பு 32-ல் 1. மிச்சம் 31 வாய்ப்பில் அங்கே ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. ப்ராபபிலிட்டி பேப்பரில் இதைப் பத்து மார்க்குக்கு எழுதுகிற நாம், கடையில் நிற்கும்போது போட்டுப் பார்க்கவில்லை. ஆறும் பெண்ணாக இருந்தால் கூடத் தப்பிக்க முடியாது. ரெண்டு பெண் ஏஞ்சலே ஜோடி சேர்ந்து, பொரியாத முட்டையைப் போட்டு, அதே ஆவேசத்தோடு காவல் காக்கும்.

சரி, அந்த ஜோடிக்காவது இந்த ஏற்பாடு நல்லதா? அங்கேதான் எனக்கு ரொம்ப வருத்தம். நான்கு தடவை முட்டையும் எங்கே போயின? கொஞ்சம் சக்கருக்கு. மீதியைப் பெற்றோரே தின்றன. மூன்றாவது தடவை சாயங்காலம் ஆறு மணிக்கு நான் அங்கே நின்று பார்த்தேன். கோரி ஒரு பக்கம் வர, மீதி ஏஞ்சல்களில் ஒன்று இன்னொரு பக்கம் வர, நியான் கூட்டம் குறுக்கே ஓட, அந்த ரெண்டும் மாறி மாறி ஓடி ஓடிக் களைத்துப் போயின. ஒரு கட்டத்தில் பெண் மீன் திரும்பி வந்து, தானே முட்டையைக் கொத்த ஆரம்பித்தது. புது ஜோடிகள் முதல் சில தடவை தின்பது சகஜம்தான். பண்ணையில் தலைமுறை தலைமுறையாக முட்டையைத் தனியே எடுத்துப் பொரிக்க வைத்ததால் பாசம் மங்கிப்போச்சு என்று சொல்லும் வளர்ப்பாளர்களும் உண்டு. இருந்தாலும் காப்பாற்ற முடியாத இடத்தில் முட்டை இருக்கிறது என்று தோன்றினால் ஏஞ்சல் அதைத் தின்றுவிடும் என்பது ஏஞ்சல் வளர்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்லும் விஷயம். நம்ம தொட்டியில் காப்பாற்றக்கூடிய இடமே இல்லை. சின்ன மீனுக்கு ஏஞ்சல் எமன் என்றால், ஏஞ்சலுக்குச் சின்ன மீன் ஓயாத தலைவலி. இரண்டு தரப்பும் தோற்கும் ஒரு ஏற்பாட்டைத்தான் "பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்று சொல்கிறோம்.

எதிர்க்கட்சியில் ஒரு நியாயமான வாதம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். சிக்லிட் ஜோடியைத் தனியாக வைத்தால், விரட்ட ஆள் இல்லாமல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்பார்கள். உண்மைதான், லோரன்ஸே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். கோபத்தை இறக்கி வைக்க ஒரு மீன் இருந்தால்தான் சில ஜோடிகள் ஒற்றுமையாக இருக்கும். அதற்காகவே வேகமாக ஓடும் சில மீன்களைக் கூட விடும் பழக்கம் வளர்ப்பாளர்களிடம் உண்டு. ஆனால் அது நான்கடித் தொட்டியில், மேல் தண்ணீரில் பறக்கிற மீன்களை வைத்துச் செய்வது. மூன்றடித் தொட்டியில், தரையில் நகர்கிற கோரியையும் வாய்க்கு அளவான நியானையும் அந்த வேலைக்கு வைக்க முடியாது. அதோடு, அடி வாங்கத்தான் ஆள் வேண்டுமென்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் தெரிந்தாலே போதும். ரெண்டு தொட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஏஞ்சல் கண்ணாடி வழியாக எதிரியைப் பார்த்து முறைத்துக்கொண்டே குடும்பம் நடத்தும். யாருக்கும் வால் கிழியாது.

"இயற்கைய அதன் போக்கில் விடணும்" என்று சொன்னவர்களுக்குப் பதில் சொல்லவே எனக்கு அலுப்பாக இருக்கிறது. பிளாஸ்டிக் கோட்டை, 18 வாட் லைட், ஆன்லைனில் வாங்கிய ஃபில்டர். இதில் இயற்கை எங்கே இருக்கு?

நடுவில் ஒரு தடுப்பு வைக்கலாமா என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கேட்டாங்க. நல்ல யோசனைதான். ஓட்டை போட்ட அக்ரிலிக் ஷீட், ரெண்டு பக்கமும் தண்ணீர் போய்வரும். அவசரத்துக்கு அதைச் செய்யலாம். ஆனால் ஜோடிக்கு ஒன்றரை அடி, மீதி நாலு பெரிய ஏஞ்சலுக்கும் பத்து சின்ன மீனுக்கும் சக்கருக்கும் சேர்த்து ஒன்றரை அடி என்றால், சண்டை இடம் மாறுமே தவிர நிற்காது. அந்த நாலில் இன்னொரு ஜோடி அமையாது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். ஜோடி தனித் தொட்டிக்குப் போகட்டும். மீதி நாலு ஏஞ்சலை, வளர்ந்த ஏஞ்சலை வாங்கிக்கொள்ளும் ஒரு பண்ணைக்குக் கொடுத்துவிடலாம். கொளத்தூர் பக்கம் போனால் அலங்கார மீன் வளர்க்காத தெருவைத் தேட வேண்டியிருக்கும், வாங்க ஆள் இல்லாமல் போகாது. பெரிய தொட்டி முழுக்க நியானுக்கும் கோரிக்கும். கூட்டமாக வாழ்கிற மீன் என்பதால் நியானை மறுபடி பன்னிரண்டாக்கி, அது பயமில்லாமல் மூன்றடியும் சுற்றி வருவதை ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க, எது அழகு என்று. ஏஞ்சலே இல்லாத தொட்டி மொட்டையாக இருக்கும் என்று நினைப்பவர்கள், நாம் இந்த ஒரு வருஷமாகப் பார்த்தது பாதித் தொட்டியைத்தான் என்பதை யோசிங்க.

"குஞ்சு பொரிச்சா யார் பார்ப்பாங்க?" என்பது சரியான கேள்வி. நீந்தத் தொடங்கிய குஞ்சுக்கு உயிருள்ள ஆர்ட்டீமியா ஒரு நாளைக்கு ரெண்டு, மூன்று தடவை தர வேண்டும். அதை உப்புத் தண்ணீரில் தினமும் பொரிக்க வைக்க வேண்டும். செமஸ்டர் நேரத்தில் நம்மில் யாரும் அதைச் செய்யப் போவதில்லை என்று எனக்கும் தெரியும். செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. தனித் தொட்டியில் முட்டை பொரியாமல் போகலாம், அவையே தின்னலாம். ஆனால் அதற்காக இன்னொரு மீன் சாகாது. விருப்பம் உள்ள ஜூனியர்கள் யாராவது பொறுப்பேற்றால் சந்தோஷம், சொல்லித் தர நான் தயார்.

இதை ஏன் இப்போதே என்றால், லீவு வருகிறது. மே மாதம் முழுக்க வாட்ச்மேன் அண்ணன் ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை சாப்பாடு போடுவார், அவ்வளவுதான் அவரிடம் கேட்க முடியும். கிழிந்த வாலைப் பார்க்க யாரும் இருக்க மாட்டோம். திரும்பி வரும்போது அந்தக் கோட்டைக்குப் பின்னாடி எத்தனை மிஞ்சியிருக்கும்?

தொட்டி ரெடி. பாஸ் அவுட் ஆன ஒரு சீனியர் தன் வீட்டில் சும்மா கிடந்த ரெண்டடித் தொட்டியைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஒன்றரை அடி உயரம், ஏஞ்சலுக்கு அந்த உயரம் வேண்டும். தொட்டிக்குள் மூன்று வாரமாக ஒரு கறுப்பு ஸ்பாஞ்ச் குமிழி விட்டுக்கொண்டிருக்கே, அது என்ன என்று பலர் கேட்டீங்க. அது புதுத் தொட்டிக்கான ஃபில்டர்தான். அம்மோனியாவைச் சாப்பிடும் பாக்டீரியா அதில் குடியேறட்டும் என்று முன்கூட்டியே போட்டு வைத்தேன். அது இல்லாமல் புதுத் தண்ணீரில் மீனை விட்டால் ஒரு வாரத்தில் வேறு கதை ஆகிவிடும்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு மாற்றலாம் என்றிருக்கிறேன். முட்டை குழாயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மூடி போட்ட பக்கெட் ரெண்டு வேண்டும், சோப்பு படாததாக இருக்கணும். வலை வேண்டாம், ஏஞ்சலின் துடுப்பு அதில் மாட்டிக் கிழியும். ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா இருந்தால் எடுத்துட்டு வாங்க. வேண்டாம் என்று நினைப்பவர்களும் வாங்க, அங்கேயே நின்று வாதாடலாம். நாலு மணிக்கே வந்தீங்கன்னா அந்த இடது மூலையை ஒரு தடவை பார்த்துட்டுப் பேச ஆரம்பிக்கலாம்.